விக்கியில் புதுக் கணக்கு: ஸ்பாமை நிறுத்தலாம், எழுத வருபவரை நிறுத்தக்கூடாது

பழைய மாணவர் சங்கத்துக்கோ, ஊர் ஒன்றியத்துக்கோ, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தெருக்களின் வரலாற்றுக்கோ, விக்கிப்பீடியா இயங்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் ஒரு விக்கி தொடங்கிப் பாருங்கள். யாரும் கணக்குத் திறக்கலாம் என்று விட்டுவிட்டால், சீக்கிரமே ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கம் கசினோ, கடன், மாத்திரை, கட்டுரை எழுதித் தரும் சேவை என்று நிரம்பத் தொடங்கும். அதைக் கண்டதும் நிர்வாகிகள் பலர் கதவை இறுக்கிப் பூட்டிவிடுகிறார்கள். ஸ்பாம் நின்றுவிடுகிறது. கூடவே எழுத வருபவர்களும் நின்றுவிடுகிறார்கள். அனுமதி கேட்டுத்தான் கணக்கு என்ற முறை நல்ல முறைதான். ஆனால் விண்ணப்பத்தில் சரியான ஒரு கேள்வி இருக்க வேண்டும், ஒரு நாளுக்குள் பதில் போக வேண்டும், அனுமதித்த பிறகும் சில நாட்கள் கண் வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் அந்த முறை ஸ்பாமை விட ஆட்களைத்தான் அதிகம் தடுக்கும்.

முதலில் ஒரு விளக்கம். ஸ்பாம் போடும் மென்பொருள் உங்கள் விக்கியை வாசிப்பதில்லை. மீடியாவிக்கிக்கே உரிய பக்க அமைப்பைத் தேடுபொறியில் தேடி, கிடைத்த தளங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றிலும் கணக்குத் திறந்து பக்கத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். ‘இந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்காதே’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘நோபொலோ’ குறியை 2005 ஜனவரியில் கூகுள் அறிமுகப்படுத்தியது. மீடியாவிக்கி அதை வெளி இணைப்புகள் எல்லாவற்றுக்கும் தானாகவே இடுகிறது. இணைப்புப் போடுவதால் தேடலில் பயனில்லை என்றால் ஏன் இன்னும் வருகிறார்கள் என்று கேட்பார்கள். அந்தக் குறி இருக்கிறதா என்று மென்பொருள் பார்ப்பதில்லை. தவிர, 2019 செப்டம்பரில் கூகுள் அந்தக் குறியை இனிக் கட்டளையாக அல்ல, ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. ஆகவே நோபொலோ இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது.

மாதத்துக்கு நாலைந்து பேர் மட்டும் புதிதாக வரும் விக்கிக்கு நீட்சி (மீடியாவிக்கியோடு சேர்த்து நிறுவும் கூடுதல் நிரல்) எதுவும் தேவையில்லை என்பதே என் கருத்து. விக்கியின் அமைப்புகள் இருக்கும் லோக்கல் செட்டிங்ஸ் கோப்பில், உள்நுழையாதவர்களின் குழுவுக்கு உள்ள ‘கணக்கு உருவாக்கும்’ உரிமையையும் ‘தொகுக்கும்’ (பக்கங்களை எழுதித் திருத்தும்) உரிமையையும் இல்லை என்று மாற்றுங்கள். ‘கணக்கு வேண்டுமா?’ என்று ஒரு பக்கம் எழுதி, முகப்பிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுங்கள். கேட்பவர்களுக்கு நிர்வாகியே கணக்கை உருவாக்கலாம். உருவாக்கும்போது ‘தற்காலிகக் கடவுச்சொல்லை மின்னஞ்சலில் அனுப்பு’ என்ற பெட்டியைத் தெரிவு செய்துவிடுங்கள். கடவுச்சொல்லை வட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் வேண்டாம். அந்தத் தற்காலிகக் கடவுச்சொல் இயல்பாக 7 நாட்களில் காலாவதியாகும். மின்னஞ்சலை எப்போதாவது திறக்கும் மூத்தவர்கள் ‘உள்ளே போக முடியவில்லை’ என்று சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான். ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்’ வழியாகப் புதிது எடுக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

உரிமைகளை மாற்றியதும், உள்நுழையாத தனிச் சாளரத்தில் ஒரு தடவை, கைப்பேசியில் ஒரு தடவை பார்த்து உறுதிப்படுத்துங்கள். மேலே இருக்கும் ‘கணக்கை உருவாக்கு’ இணைப்பு மறைந்திருக்க வேண்டும். புகுபதிகைப் பக்கத்தில், கணக்கு இல்லாதவர் எங்கே கேட்பது என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால் திரும்பிப் போனவர்களை யாரும் கணக்கெடுப்பதில்லை.

விண்ணப்பங்கள் மாதத்துக்கு நாலைந்தை விட அதிகமானால், அவற்றை வரிசையில் வைத்து அனுமதிக்க உதவும் ‘கன்பர்ம் எக்கவுன்ட்’ நீட்சி பயன்படும். ஈழத்து வாசகர்களுக்குப் பழக்கமான நூலகம் தளம் இயங்கும் அதே மீடியாவிக்கிக்கான நீட்சிதான் இது. உங்கள் மீடியாவிக்கிப் பதிப்புக்குரிய கிளையையே எடுக்க வேண்டும், 1.43 ஓடும் தளத்தில் வேறு பதிப்பின் கோப்புகளை வைத்தால் பக்கமே திறக்காமல் போகலாம். கோப்புகளை வைத்த பிறகு தரவுத்தளப் புதுப்பிப்பை ஓட்டுங்கள். விண்ணப்பங்களைச் சேமிக்கும் அட்டவணைகள் அப்போதுதான் உருவாகும். பொதுக் கணக்குத் திறப்பை மூடும் வரியையும் நீங்களே எழுதிவிடுங்கள். நீட்சி இருந்தும் பழைய வாசல் திறந்தே கிடக்கும் விக்கிகளுக்குக் குறைவில்லை.

இந்த நீட்சியில் விண்ணப்பதாரர் பெயர், மின்னஞ்சல், தன்னைப் பற்றிய குறிப்பு ஆகியவற்றை எழுதி அனுப்புவார். அவருக்கு ஓர் உறுதிப்படுத்தல் இணைப்புப் போகும். நிர்வாகப் பக்கத்தில் நான்கு முடிவுகள் உண்டு: ஏற்பது, மறுப்பது, நிறுத்தி வைப்பது, ஸ்பாம் என்று தள்ளுவது. மறுத்தால் காரணத்துடன் மின்னஞ்சல் போகும். ஸ்பாம் என்று தள்ளினால் எதுவும் போகாது. இந்த வேறுபாட்டை விண்ணப்பம் பார்க்கும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். உண்மையான ஒருவரை அவசரத்தில் ஸ்பாமில் தள்ளினால், அவர் பதிலே வராத ஒரு வாசலில் காத்திருப்பார்.

தன்னைப் பற்றிய குறிப்புக்கு அந்த நீட்சி இயல்பாகக் குறைந்தது 50 சொற்கள் கேட்கிறது. தமிழுக்கு இது அதிகம். ‘எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதுவே மூன்று. 15 சொற்கள் போதும். வாசலைத் திறக்கு முன் முழுவதும் தமிழில் எழுதிய ஒரு குறிப்பை நீங்களே அனுப்பிப் பாருங்கள். ஆங்கில எழுத்தை மட்டும் சொல்லாக எண்ணும் நிரல் எங்காவது இருந்தால், ‘போதிய சொற்கள் இல்லை’ என்ற பிழைச் செய்தி அப்போதே தெரியவரும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம்: என்ன கேட்பது? ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்வி இன்று பயன் தராது. உரையாடல் செயலிகள் அழகான தமிழில் வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தருகின்றன. மொழி நன்றாக இருப்பது இனி நல்ல அடையாளம் அல்ல; எழுத்துப்பிழை கெட்ட அடையாளமும் அல்ல. கேட்க வேண்டியது, விக்கியை வாசித்தவர் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று: ‘எங்கள் விக்கியில் எந்தப் பக்கத்தில் எதைச் சேர்க்க அல்லது திருத்த விரும்புகிறீர்கள்?’ இந்த ஒரு கேள்வி போதும். ‘கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் எங்கள் பாடசாலை தொடங்கிய ஆண்டு பிழை’ என்று ஒரே வரியில் பதில் வந்தாலும் அந்த ஆளை உள்ளே விடலாம். ‘அறிவைப் பகிர்வதில் ஆர்வம் உள்ளவன், பல துறைகளில் பங்களிக்க விரும்புகிறேன்’ என்ற பதில் உலகத்தில் எந்த விக்கிக்கும் பொருந்தும். ஆகவே அது எதையும் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட பதிலை உடனே மறுக்கவும் வேண்டாம். நிறுத்தி வைத்து, ஒரு கேள்வி திருப்பி அனுப்புங்கள். இந்த அளவு போதும்:

‘வணக்கம். உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, நன்றி. எந்தப் பக்கத்தில் முதலில் எழுத நினைக்கிறீர்கள் என்று ஒரு வரி அறியத் தந்தால் உடனே கணக்கைத் திறந்துவிடலாம். நீளமாக எழுதத் தேவையில்லை. தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதலாம்.’

மனிதர் பதில் எழுதுவார். கூலிக்குக் கணக்குத் திறப்பவர் ஒரு விக்கிக்காக இரண்டாம் தடவை நேரம் செலவழிப்பது அரிது. ஏழு நாட்கள் பதில் இல்லை என்றால் மறுத்துவிடுங்கள்.

விண்ணப்பப் படிவத்துக்கு முன்னால் ஒரு கேள்விப் பூட்டையும் போடலாம். ‘கன்பர்ம் எடிட்’ நீட்சியில் உள்ள ‘குவெஸ்டி கெப்சா’ நீங்களே எழுதிய கேள்விகளிலிருந்து ஒன்றைத் தானாக எடுத்துக் கேட்கும். நெளிந்த எழுத்துப் படங்களை விட இது தமிழருக்கு எவ்வளவோ நல்லது. மூத்தவர்களின் கண்ணுக்கும் நல்லது. விடை இலக்கமாக இருக்கும் கேள்விகளையே வையுங்கள். கொட்டாஞ்சேனை கொழும்பு எத்தனை என்றால் 13. கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் எத்தனையாம் ஒழுங்கையில் இருக்கிறது என்றால் 57. சொல்லை விடையாக வைத்தால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வரும்: கொள்ளுப்பிட்டி, கொல்லுப்பிட்டி, கொள்ளுபிட்டி. ஒரு கேள்விக்கு எத்தனை விடைகளையும் ஏற்கச் சொல்லலாம். இலக்கத்தோடு எழுத்தால் எழுதியதையும் சேர்த்துவிடுங்கள். குறைந்தது ஐந்து கேள்விகள் இருக்கட்டும். ஸ்பாம் திடீரென்று கூடினால், ஏதோ ஒரு கேள்வியின் விடை யாரோ ஒருவரின் பட்டியலில் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஐந்தையும் மாற்றுங்கள். ரொரன்ரோவில் பிறந்த பிள்ளைக்கும், செயற்கை நுண்ணறிவு பூட்டிய தானியங்கிக்கும் சேர்த்து யோசித்தால், இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு: முகப்புப் பக்கத்தின் அடியில் ஓர் இலக்கத்தை எழுதி வைத்து அதைக் கேட்பது. மாதம் ஒரு தடவை மாற்றினால் போதும்.

விண்ணப்பத்தை எடைபோடும்போது ஐயத்துக்குரியவை எவை? குறிப்புக்குள்ளேயே வெளி இணைப்பு இருப்பது. பயனர் பெயர் ஒரு கம்பனியின் அல்லது பொருளின் பெயராக இருப்பது. பத்து நிமிடத்தில் காணாமல் போகும் தற்காலிக மின்னஞ்சல் முகவரி. குறிப்பின் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடினால் அதே வரி வேறு தளங்களிலும் கிடப்பது. இவற்றில் முதலாவது ஒன்றே மறுக்கப் போதுமானது. மற்றவை இரண்டு சேர்ந்தால் மறுக்கலாம்.

ஐயப்படக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களை இழப்பது இங்கேதான். விண்ணப்பதாரரின் பெயர் ஒன்று, மின்னஞ்சல் பேரப்பிள்ளையின் பெயரில்: நம் வீடுகளில் இது சாதாரணம். பெயருக்கு முன் இரண்டு மூன்று முதலெழுத்து: அதுவும் சாதாரணம். ஐபி முகவரி கனடாவில், இலண்டனில், சூரிச்சில்: இலங்கைத் தமிழ் விக்கிக்கு எழுதக்கூடியவர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். வெளிநாட்டு முகவரிகளை மொத்தமாகத் தடுக்கச் சொல்லும் ஆலோசனை நமக்குப் பொருந்தாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருப்பது: கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை போட்டுக்கொள்ளாதவர், அவ்வளவுதான்.

இன்னொன்று இலங்கைக்கே உரியது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பழைய ஆவணங்கள் நம்மிடம் ஏராளம். அதிலிருந்து ஒரு பந்தியை வெட்டி ஒட்டினால் விக்கியில் அது ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். பார்த்தவுடன் தானியங்கி என்று தோன்றும். ஆனால் சொற்களின் நடுவே அரைப்புள்ளி அடிக்கடி வந்தால் அது பாமினி. ஒரு மாற்றியில் இட்டு யூனிகோட்டுக்கு மாற்றிப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பொறுமையாக எழுதிய பாடசாலை வரலாறாக அது இருக்கலாம்.

பயனர் பெயர்களிலும் ஒரு பொறி உண்டு. ‘கௌ’ என்பதை ஔகாரக் குறியோடும் எழுதலாம், ‘கெ’யோடு ‘ள’ சேர்த்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு பெயர்கள். ஏற்கனவே இருக்கும் பயனரின் பெயரை இப்படி இன்னொருவர் எடுத்தால் பேச்சுப் பக்கங்களில் குழப்பம்தான் மிஞ்சும். ஏற்கும் முன் பயனர் பட்டியலில் ஒரு தடவை தேடிவிடுங்கள்.

தேசிய அடையாள அட்டையின் படத்தைக் கேட்கலாமா என்று சிலர் யோசிக்கிறார்கள். கேட்கவே கூடாது. படம் வேண்டாம், இலக்கம் மட்டும் போதும் என்றாலும் கூடாது. அந்த இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்படுவதால் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். ஒரு விக்கியில் எழுத்துப்பிழை திருத்த இவை எதற்கு? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் பெற வேண்டும் என்பதுதான். விண்ணப்பத்தில் எழுதிய குறிப்பைப் பயனர் பக்கமாகத் தானாகவே வெளியிடும் அமைப்பையும் அணைத்து வையுங்கள். நிர்வாகிக்கு எழுதியதை ஊருக்கு எழுதியதாக எடுக்க முடியாது.

பதில் வேகம் பற்றி. 24 மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு பதில் போக வேண்டும். எழுத வேண்டும் என்ற சூடு ஒருவருக்கு அதிக நாள் நிற்காது. அனுமதி உரிமை இயல்பாக ‘அதிகாரி’ குழுவுக்கு மட்டுமே உண்டு. பல சிறு விக்கிகளில் அந்தக் குழுவில் இருப்பவர் ஒரே ஒருவர். அவர் ஊருக்குப் போனால் வரிசை நின்றுவிடும். அனுமதிக்கும் உரிமையை மட்டும் கொண்ட தனிக் குழு ஒன்றை உருவாக்கி, குறைந்தது மூன்று பேரைச் சேர்த்து, நாள் பிரித்துக்கொள்ளுங்கள். போயாவும் பொங்கலும் சித்திரை விடுமுறையும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். விடுமுறையில்தான் ஆட்களுக்கு எழுத நேரம் கிடைக்கிறது. புது விண்ணப்பம் வந்த அறிவிப்பு ஒரு தனி ஆளின் முகவரிக்கு அல்லாமல் பொது முகவரிக்குப் போக வேண்டும். தளத்தின் நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பதிவுகள் ஐந்தரை மணி நேரம் பின்னால் தெரிந்து ‘எப்போது வந்தது’ என்பதில் குழப்பம் வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் யாருமே வரவில்லையா? மின்னஞ்சலைப் பாருங்கள். பல தளங்கள் பகிரும் மலிவான வழங்கியிலிருந்து (சேர்வர்) போகும் உறுதிப்படுத்தல் கடிதங்கள் ஜீமெயிலில் ஸ்பாம் பெட்டிக்குப் போகின்றன, அல்லது போய்ச் சேர்வதே இல்லை. 2024 பெப்ரவரியிலிருந்து ஜீமெயிலுக்கு அனுப்பும் எந்தத் தளத்துக்கும், அஞ்சல் உண்மையாகவே அந்தத் தளத்திலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எப் அல்லது டி.கே.ஐ.எம் பதிவு ஒன்றாவது இருக்க வேண்டும். இரண்டையும் போட்டுவிடுங்கள், விக்கியின் அஞ்சலை ஒரு முறையான அஞ்சல் வழங்கியின் எஸ்.எம்.டி.பி வழியாக அனுப்புங்கள். பிறகு ஜீமெயில், யாகூ, அவுட்லுக் மூன்றிலும் ஒவ்வொரு சோதனை விண்ணப்பம் போட்டுப் பாருங்கள்.

அனுமதி கொடுத்தால் நம்பிக்கையும் கொடுத்ததாகாது. கணக்கைத் திறந்துவிட்டு வாரக்கணக்கில் பேசாமல் இருந்து, பிறகு இணைப்புகளைக் கொட்டும் கணக்குகள் உண்டு. மீடியாவிக்கியில் ‘தானாக உறுதியளிக்கப்பட்ட பயனர்’ என்ற படி இருக்கிறது. ஆனால் இயல்பு அமைப்பில் அதற்கான நாளும் தொகுப்பு எண்ணிக்கையும் பூச்சியம். அதாவது கணக்குத் திறந்த கணமே எல்லோரும் அந்தப் படியில் ஏறிவிடுகிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியா 4 நாளும் 10 தொகுப்பும் வைத்திருக்கிறது. சிறு விக்கிக்கு 3 நாள், 5 தொகுப்பு போதும். அந்தப் படிக்கு வராதவர் வெளி இணைப்புச் சேர்த்தால் மேற்சொன்ன கேள்விப் பூட்டு மீண்டும் வரும்படி செய்யுங்கள்.

அதோடு ‘முறைகேடு வடிகட்டி’ நீட்சியில் ஒரு விதி: தொகுப்பு எண்ணிக்கை ஐந்துக்குக் கீழ், வெளி இணைப்புச் சேர்க்கப்பட்டிருக்கிறது, சேர்த்த வரிகளில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. யூனிகோட்டில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி இருப்பதால் இதைச் சோதிப்பது எளிது. தமிழ் விக்கிக்கு இது போல வேலை செய்யும் விதி வேறில்லை. சிங்களத்திலும் எழுத இடம் கொடுத்திருந்தால் சிங்களப் பகுதியையும் சேர்த்துவிடுங்கள். முதல் வாரம் தடுக்க வேண்டாம். பதிவு மட்டும் செய்யட்டும். யார் யார் அகப்படுகிறார்கள் என்று பார்த்து, பாமினிக்காரர்களும் மேற்கோள் நூல் இணைப்புப் போட்டவர்களும் சிக்கினால் விதியைத் தளர்த்திவிட்டு, பிறகு எச்சரிக்கைக்கும் அதன்பின் தடைக்கும் போகலாம்.

தடுக்கும்போது ஐபி விடயத்தில் கவனம் தேவை. ஒரு கணக்கைத் தடுத்தால், அது கடைசியாகப் பயன்படுத்திய ஐபியையும் மீடியாவிக்கி இயல்பாக 24 மணி நேரம் தானாகத் தடுக்கும். கைப்பேசி வலையமைப்பில் ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்கிறார்கள். தடைப் படிவத்தில் இந்தத் தானியங்கித் தடைக்கான பெட்டியில் குறி இருந்தால் சம்பந்தமே இல்லாத ஒருவர் பம்பலப்பிட்டியில் பஸ்ஸில் இருந்தபடி தொகுக்கப் போய்த் தடையைக் காண்பார். உள்ளூர்க் கைப்பேசி முகவரி என்றால் குறியை எடுத்துவிடுங்கள். ஸ்பாம் போடுபவர்களின் முகவரிகளைத் திரட்டி வைத்திருக்கும் ‘ஸ்டொப் போரம் ஸ்பாம்’ தரவுத்தளத்தில் தேடும்போதும் இதே காரணத்துக்காக ஐபியை விட மின்னஞ்சல் முகவரிக்கே அதிக எடை கொடுங்கள்.

ஏற்கனவே சேர்ந்த குப்பையை அகற்ற ‘நியூக்’ நீட்சி உதவும். ஒரு பயனர் அண்மையில் உருவாக்கிய பக்கங்களை மொத்தமாக நீக்கும். மீடியாவிக்கி அண்மைய மாற்றங்களை இயல்பாக 90 நாட்களே வைத்திருப்பதால் தள்ளிப்போட வேண்டாம். கணக்குகளை அழிக்க முயல வேண்டியதில்லை. வரலாற்றுப் பதிவு குலையாமல் இருக்கவே மீடியாவிக்கி அதற்கு இடம் கொடுப்பதில்லை. காலவரையின்றித் தடுத்தால் போதும்.

கடைசியாகப் பயிலமர்வு நாட்கள். ஒரு மண்டபத்தில் முப்பது பேர் ஒரே இணைய இணைப்பில் இருந்து கணக்குக் கேட்டால், ஒரே ஐபிக்கான எல்லை எங்காவது வைத்திருந்தால் அது பாதிப் பேரை நிறுத்திவிடும். விக்கிமீடியாத் தளங்களில் அந்த எல்லை ஒரு நாளைக்கு ஆறு கணக்குகள். உங்கள் விக்கியில் அப்படியொன்று இருந்தால் அன்றைக்கு மட்டும் உயர்த்துங்கள். அதைவிட நல்லது, பதிவுசெய்தவர்களின் பெயரையும் மின்னஞ்சலையும் இரண்டு நாட்களுக்கு முன்பே வாங்கி நிர்வாகியே கணக்குகளைத் திறந்து வைப்பது. வரும்போது அவரவர் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை நினைவில் கொண்டு வரச் சொல்லுங்கள். அரை மணி நேரம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.